பிட் ஒழுங்கையில் யார் குற்றவாளி? மோட்டார் பந்தயத்தின் தீராத தண்டனைச் சர்ச்சைகள்

2018 ஏப்ரல் 8ஆம் திகதி பஹ்ரைனில் நடைபெற்ற போர்மியூலா 1 பந்தயத்தின் நடுவே, பெராரி அணியின் சாரதி கிமி ரைக்கோனன் சில்லு மாற்றுவதற்காகத் தனது அணியின் தரிப்பிடத்துக்கு வந்தார். மூன்று சில்லுகள் மாற்றப்பட்டுவிட்டன. பின்புற இடது சில்லு மட்டும் கழற்றப்படவே இல்லை. ஆனாலும் சாரதிக்கு முன்னால் இருந்த விளக்கு பச்சைக்கு மாறியது. ரைக்கோனன் காரை எடுத்தார். அந்தச் சில்லின் அருகே நின்ற மெக்கானிக்கின் காலின்மேல் கார் ஏறியது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் முறிந்தன.

பந்தய நடுவர்கள் பெராரி அணிக்கு 50,000 யூரோ தண்டப்பணம் விதித்தார்கள். அதே பந்தயத்தில் அதே அணியின் மற்றைய சாரதியான செபஸ்டியன் வெட்டல் முதலிடம் பெற்றார். அந்த வெற்றிக்கான புள்ளிகளில் ஒன்றுகூடக் குறைக்கப்படவில்லை.

கால் முறிந்தவர் ஒரு தொழிலாளி. விளக்கைப் பச்சைக்கு மாற்றியது ஒரு கருவியும் அதை நம்பிய மனிதர்களும். காரை ஓட்டியவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது. அப்படியானால் இங்கே குற்றவாளி யார்? தண்டனை யாரைச் சேரவேண்டும்? மோட்டார் பந்தய உலகம் எழுபது ஆண்டுகளாக இந்தக் கேள்விக்கு ஒரே மாதிரியான பதிலைச் சொன்னதில்லை. பிட் ஒழுங்கையின் பாதுகாப்பு விதிகள் எப்படி உருவாகின, அவற்றை மீறினால் என்ன தண்டனை, அந்தத் தண்டனைகள் ஏன் ஒவ்வொரு முறையும் சர்ச்சையாகின்றன என்பதை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

பிட் ஒழுங்கை என்றால் என்ன?

பந்தயப் பாதையின் பிரதான நேர்ப்பகுதிக்குச் சமாந்தரமாக, ஒரு சுவரால் பிரிக்கப்பட்டு ஓடும் சிறிய ஒழுங்கையே பிட் ஒழுங்கை. ஒவ்வோர் அணிக்கும் அங்கே ஒரு கராஜும் அதன் முன்னால் கார் நிற்பதற்கு ஓர் இடமும் உண்டு. ஒழுங்கை இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். சுவர்ப்பக்கம் இருப்பது கார்கள் ஓடும் வேகப்பகுதி. கராஜ் பக்கம் இருப்பது வேலை நடக்கும் பகுதி. வேகப்பகுதியில் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் காருக்கே முன்னுரிமை.

ஒரு கார் வந்து நின்றதும் ஏறத்தாழ இருபது பேர் அதைச் சூழ்ந்துகொள்வார்கள். ஒவ்வொரு சில்லுக்கும் மூவர்: ஒருவர் துப்பாக்கி போன்ற கருவியால் நட்டைக் கழற்றிப் பூட்டுவார், ஒருவர் பழைய சில்லை இழுப்பார், ஒருவர் புதியதைப் பொருத்துவார். முன்னும் பின்னும் ஜக் வைத்துக் காரைத் தூக்குவதற்கு இருவர். இரு பக்கமும் காரை அசையாமல் பிடிப்பதற்கு இருவர். இவ்வளவும் இரண்டு செக்கன் அளவில் முடிந்துவிடும். 2019இல் பிரேசிலில் ரெட் புல் அணி 1.82 செக்கனில் நான்கு சில்லுகளையும் மாற்றியது. 2023இல் கட்டாரில் மெக்லாரன் அணி அதை 1.80 செக்கனாகக் குறைத்தது.

இன்று பெரும்பாலான பந்தயங்களில் பிட் ஒழுங்கையின் வேக எல்லை மணிக்கு 80 கிலோ மீற்றர். மொனாக்கோ போன்ற ஒடுங்கிய இடங்களில் 60 கிலோ மீற்றர். 80 கிலோ மீற்றர் வேகம் தொலைக்காட்சியில் மந்தமாகத் தெரியும். ஆனால் அந்த வேகத்தில் ஒரு கார் ஒரு செக்கனில் 22 மீற்றர் கடக்கிறது. முழங்காலிட்டு வேலை செய்யும் மனிதரின் முதுகுக்குப் பின்னால் ஓரிரு மீற்றர் தூரத்தில்தான் அது கடக்கிறது.

விதிகள் பிறந்த கதை

பிட் பகுதியின் ஆபத்தை உலகுக்கு முதலில் உணர்த்தியது 1955 ஜூன் 11ஆம் திகதி பிரான்ஸின் லே மான் நகரில் நடந்த பேரழிவு. அக்காலத்தில் அங்கே பிட் பகுதிக்கும் பந்தயப் பாதைக்கும் இடையே சுவர் இல்லை. தரிப்பிடத்துக்கு வரும் கார் அதிவேகப் பாதையிலேயே வேகத்தைக் குறைக்கவேண்டும். மைக் ஹோதோர்ன் தனது ஜகுவார் காரைத் தரிப்பிடத்துக்காக மெதுவாக்கினார். பின்னால் வந்த லான்ஸ் மக்லின் மோதலைத் தவிர்க்க ஒதுங்கினார். அதற்கும் பின்னால் வந்த பியர் லெவேயின் மெர்சிடிஸ் கார் மக்லினின் காரில் ஏறிப் பறந்து பார்வையாளர்களிடையே சிதறியது. லெவே உட்பட எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பந்தயம் நிறுத்தப்படவில்லை. மறுநாள் ஹோதோர்னின் காரே வெற்றிபெற்றது.

அரசாங்க விசாரணை நடந்தது. சாரதிகள் எவர்மீதும் குற்றமில்லை, பழைய கார்களின் வேகத்துக்காக அமைக்கப்பட்ட பாதையே காரணம் என்று அது முடிவுசெய்தது. இத்தகைய அறிக்கைகளை வாசித்துப் பழகியவர்களுக்கு அடுத்த கேள்வி எதுவென்று தெரியும். பாதையை அப்படியே வைத்திருந்தது யார்? அந்தக் கேள்வி விசாரணை மேசைக்கு வரவில்லை. அடுத்த ஆண்டுப் பந்தயத்துக்கு முன்னர் பிட் பகுதி இடித்துக் கட்டப்பட்டது. பாதை அகலமாக்கப்பட்டது. சுவிட்சர்லாந்து தனது நாட்டில் சுற்றுப்பாதைப் பந்தயங்களையே தடைசெய்தது.

இரண்டாவது திருப்பம் 1981 மே மாதம் பெல்ஜியத்தின் சோல்டர் பாதையில் நிகழ்ந்தது. ஒடுங்கிய பிட் ஒழுங்கை. ஆட்கள் நிறைந்து வழிந்தார்கள். பயிற்சியின்போது ஒசெல்லா அணியின் மெக்கானிக் ஒருவர் சுவரிலிருந்து வழுக்கி விழுந்தார். அந்த நேரத்தில் வந்த கார்லோஸ் ரொய்ட்மனின் கார் அவரை மோதியது. சாரதியால் தவிர்த்திருக்க முடியாத விபத்து அது. அந்த மெக்கானிக் பின்னர் மருத்துவமனையில் இறந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம் தொடங்குவதற்கு முன்னர் மெக்கானிக்குகள் ஒன்றுகூடிப் பாதையில் இறங்கி நின்றார்கள். தங்கள் உயிருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று அவர்கள் நடத்திய அந்த எதிர்ப்பில் சில சாரதிகளும் காரைவிட்டு இறங்கிச் சேர்ந்துகொண்டார்கள். தொடக்கம் குழம்பியது. அந்தக் குழப்பத்தில், நின்றுபோன ஒரு காரை மீள இயக்கப் பாதைக்குள் சென்ற அரோஸ் அணியின் மெக்கானிக் ஒருவரைத் தனது சொந்த அணியின் மற்றைய காரே மோதியது. அவர் உயிர் தப்பினார். பாதுகாப்புக் கேட்டுப் போராட்டம் நடந்த அதே நாளில், அதே இடத்தில் இது நடந்தது. பந்தயமும் ஓடி முடிந்தது. அதில் வென்றவர் ரொய்ட்மன்.

அமெரிக்காவில் நாஸ்கார் பந்தயத்துக்கு இத்தகைய திருப்பம் 1990 நவம்பரில் வந்தது. அட்லாண்டாவில் ரிக்கி ரட்டின் கார் பிட் வீதியில் கட்டுப்பாட்டை இழந்து, பில் எலியட்டின் அணியில் ரயர் மாற்றிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவரை நசுக்கியது. அவர் இறந்தார். அதற்கு முன்னர் அங்கே பிட் பகுதிக்கு வேக எல்லையே இருக்கவில்லை. 1991இல் அது கொண்டுவரப்பட்டது.

போர்மியூலா 1 அந்தப் பாடத்தை உடனே படிக்கவில்லை. 1994 மே முதலாம் திகதி இத்தாலியின் இமோலா பந்தயம் அயர்டன் சென்னாவின் மரணத்துக்காக நினைவுகூரப்படுகிறது. அதே பந்தயத்தில் மிச்சேல் அல்பொரேட்டோவின் மினார்டி கார் பிட் ஒழுங்கையிலிருந்து அதிவேகமாகப் புறப்பட்டபோது பின்சில்லு ஒன்று கழன்றது. அது பறந்து சென்று பெராரி, லோட்டஸ் அணிகளின் மெக்கானிக்குகளைக் காயப்படுத்தியது. போர்மியூலா 1 பந்தயங்களின் பிட் ஒழுங்கையில் வேக எல்லை வந்தது அதன் பின்னர்தான்.

எரிபொருளும் நெருப்பும்

பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்புவதை 1984இல் போர்மியூலா 1 தடைசெய்தது. 1994இல் அதை மீண்டும் அனுமதித்தது. அந்த ஆண்டு ஜூலை 31ஆம் திகதி ஜேர்மனியின் ஹொக்கன்ஹைமில் யொஸ் வெர்ஸ்டப்பனின் பெனட்டன் காருக்கு எரிபொருள் நிரப்பும்போது குழாயிலிருந்து பெற்றோல் சிந்தித் தீப்பற்றியது. காரும் அதைச் சூழ நின்றவர்களும் ஒரு கணம் நெருப்புக்குள் மறைந்தார்கள். சாரதியும் மெக்கானிக்குகள் சிலரும் தீக்காயங்களுடன் தப்பினார்கள்.

விசாரணையில், எரிபொருள் இயந்திரத்திலிருந்த வடிகட்டி ஒன்று அகற்றப்பட்டிருந்தமை தெரியவந்தது. வடிகட்டி இல்லாவிட்டால் எரிபொருள் வேகமாகப் பாயும். செப்டெம்பரில் சர்வதேச மோட்டார் வாகன சம்மேளனமான எப்.ஐ.ஏ. இந்த விடயத்தை விசாரித்தது. தவறு உறுதிப்பட்டது. தண்டனை விதிக்கப்படவில்லை. அந்த ஆண்டுச் சாரதிகள் பட்டத்தைப் பெனட்டனின் மைக்கேல் ஷூமாக்கர் வென்றார்.

பந்தயத்தின்போது எரிபொருள் நிரப்புவது 2010இல் மீண்டும் தடைசெய்யப்பட்டது. அது பாதுகாப்பை ஒரு வழியில் கூட்டியது. இன்னொரு வழியில் அழுத்தத்தைக் கூட்டியது. எரிபொருள் நிரப்பிய காலத்தில் கார் ஏழெட்டு செக்கன் நிற்கும், சில்லு மாற்றுபவருக்கு மூச்சுவிட நேரம் இருக்கும். எரிபொருள் போனபின் சில்லு மாற்றும் வேகமே எல்லாவற்றையும் தீர்மானித்தது. நட்டு முழுமையாக இறுகுவதற்கு முன்னரே கார் புறப்படும் சம்பவங்கள் தொடர்ந்தன.

இன்றைய பிரதான விதிகள்

பிட் ஒழுங்கையில் பிரச்சினையாகும் விதிகளை ஐந்தாகத் தொகுக்கலாம்.

முதலாவது, வேக எல்லை. பயிற்சியில் மீறினால் தண்டப்பணம். நீண்ட காலமாக ஒவ்வொரு மேலதிக கிலோ மீற்றருக்கும் 100 யூரோ, உச்சம் 1,000 யூரோ என்பதே கணக்கு. பந்தயத்தில் மீறினால் நேரத் தண்டனை.

இரண்டாவது, பாதுகாப்பற்ற விடுவிப்பு. வேறொரு காருக்கோ ஆட்களுக்கோ ஆபத்து ஏற்படும் வகையிலும், சில்லு சரியாகப் பொருந்தாத நிலையிலும் காரைப் புறப்பட விடுவது குற்றம்.

மூன்றாவது, விளக்குகள். பிட் ஒழுங்கையின் வெளிவாயிலில் சிவப்பு எரிந்தால் நிற்கவேண்டும். ஒழுங்கை மூடப்பட்டிருந்தால் உள்ளே வரக்கூடாது.

நான்காவது, கோடுகள். உள்ளே வரும்போதும் வெளியேறும்போதும் வரையப்பட்டுள்ள வெள்ளை, மஞ்சள் கோடுகளை மதிக்கவேண்டும்.

ஐந்தாவது, நேரத் தண்டனையை நிறைவேற்றும் முறை. தண்டனைக்காகக் கார் நிற்கும் செக்கன்களில் எவரும் காரில் வேலை செய்யக்கூடாது.

தண்டனைகளும் படிப்படியானவை. எச்சரிக்கை, தண்டப்பணம், 5 அல்லது 10 செக்கன் நேரத் தண்டனை, நிற்காமல் பிட் ஒழுங்கை வழியாக ஓடிச் செல்லுதல், 10 செக்கன் நின்று செல்லுதல், அடுத்த பந்தயத்தில் தொடக்க வரிசையில் பின்தள்ளல், தகுதிநீக்கம் என அவை நீளும். 2014 முதல் சாரதிகளின் உரிமத்தில் தண்டனைப் புள்ளிகளும் சேர்க்கப்படுகின்றன. 12 மாதங்களுக்குள் 12 புள்ளிகள் சேர்ந்தால் ஒரு பந்தயத் தடை.

எந்தக் குற்றத்துக்கு எந்தப் படி என்பதை நடுவர்கள் தீர்மானிக்கிறார்கள். சர்ச்சை தொடங்கும் இடம் இதுதான்.

ஒரே குற்றம், வேறு வேறு தண்டனை

2008இல் பெலிப்பே மாசாவுக்கு நடந்ததைப் பார்த்தால் இது தெளிவாகும். ஓகஸ்டில் ஸ்பெயினின் வலென்சியாவில் அவரைப் பெராரி அணி தரிப்பிடத்திலிருந்து விடுவித்தபோது அட்ரியன் சுட்டிலின் கார் அருகே வந்துகொண்டிருந்தது. இரண்டு கார்களும் ஒழுங்கையில் பக்கம் பக்கமாக ஓடின. நடுவர்கள் பந்தயம் முடியும்வரை முடிவைத் தள்ளிவைத்து, பின்னர் 10,000 யூரோ தண்டப்பணத்துடன் விட்டார்கள். மாசாவின் வெற்றி நிலைத்தது.

அடுத்த மாதம் சிங்கப்பூரில் மாசா முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தார். தரிப்பிடத்தில் எரிபொருள் குழாய் கழற்றப்படும் முன்னரே விளக்கு பச்சைக்கு மாறியது. குழாயை இழுத்துக்கொண்டே கார் ஒழுங்கையின் கடைசிவரை ஓடியது. மெக்கானிக் ஒருவர் தூக்கி வீசப்பட்டார். இந்த முறையும் குறுக்கே வந்தது சுட்டிலின் கார்தான். ஆனால் இந்த முறை பந்தயத்தின் நடுவிலேயே ஒழுங்கை வழியாக ஓடிச் செல்லும் தண்டனை கிடைத்தது. மாசா 13ஆம் இடத்தில் முடித்தார். அந்த ஆண்டின் பட்டத்தை லூயிஸ் ஹமில்டன் 98 புள்ளிகளுடன் வென்றார். மாசாவிடம் 97 புள்ளிகள் இருந்தன.

அந்தச் சிங்கப்பூர் பந்தயத்தில் எல்லோரையும் தரிப்பிடத்துக்கு ஓடவைத்த விபத்து ரெனோ அணி திட்டமிட்டு நடத்தியது என்பது 2009இல் வெளியானது. அது தனிக் கதை.

2019இலும் இதே சர்ச்சை எழுந்தது. மே மாதம் மொனாக்கோவில் மக்ஸ் வெர்ஸ்டப்பனை ரெட் புல் அணி விடுவித்தபோது வல்ற்றேரி பொட்டாஸின் கார் சுவரை நோக்கித் தள்ளப்பட்டது. வெர்ஸ்டப்பனுக்கு 5 செக்கன் தண்டனையும் இரண்டு தண்டனைப் புள்ளிகளும். பாதையில் இரண்டாமிடத்தில் முடித்தவர் நான்காமிடத்துக்கு இறங்கினார். ஜூலையில் ஜேர்மனியில் சார்ள்ஸ் லெக்ளேரைப் பெராரி அணி றொமேன் குரோஜோனின் முன்னால் விடுவித்தது. தண்டனை 5,000 யூரோ மட்டுமே. நேரத் தண்டனை இல்லை. மொனாக்கோவில் கார்கள் உரசின, ஜேர்மனியில் உரசவில்லை என்பது இரண்டுக்குமான வேறுபாடு. ஆனால் ஆபத்தான செயலைத் தண்டிப்பதா, அதன் விளைவைத் தண்டிப்பதா என்ற கேள்வி அப்படியே நின்றது. ஆண்டுக்கு நூறு மில்லியன் கணக்கில் செலவிடும் ஓர் அணிக்கு 5,000 யூரோ ஒரு பொருட்டல்ல. ஓர் இடத்தைப் பிடிக்க அந்தத் தொகையைக் கொடுக்க எந்த அணியும் தயங்காது என்பதே எதிரணிகளின் வாதம்.

கடுமையும் தளர்வும்

நடுவர்கள் கடுமையாக நடந்துகொண்ட சந்தர்ப்பங்களும் உண்டு. 1991இல் போர்த்துக்கலின் எஸ்தோரிலில் நைஜல் மன்செலின் வில்லியம்ஸ் கார் தரிப்பிடத்திலிருந்து புறப்பட்டதும் பின்சில்லு கழன்று உருண்டது. நடு ஒழுங்கையில் நின்ற காருக்கு மெக்கானிக்குகள் ஓடிவந்து அங்கேயே புதிய சில்லைப் பூட்டினார்கள். வேலை செய்ய அனுமதியில்லாத இடம் அது. மன்செல் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். சென்னாவுடனான பட்டப் போட்டியில் அது அவருக்குப் பலத்த அடியானது.

2009 ஜூலை 26ஆம் திகதி ஹங்கேரியில் பெர்னாண்டோ அலொன்சோவின் ரெனோ கார் சரியாகப் பூட்டப்படாத முன்சில்லுடன் புறப்பட்டது. சில்லு பாதையில் கழன்றது. எவருக்கும் காயமில்லை. ஆனால் ஒரு வாரத்துக்கு முன்னர்தான் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹட்ச்சில் போர்மியூலா 2 சாரதியான 18 வயது ஹென்றி சர்ட்டீஸ், வேறொரு காரிலிருந்து கழன்ற சில்லு தலையில் மோதி உயிரிழந்திருந்தார். ஹங்கேரிப் பந்தயத்துக்கு முதல் நாள் மாசாவின் தலைக்கவசத்தில் இன்னொரு காரின் சுருள்வில் மோதி அவர் கடுமையாகக் காயமடைந்திருந்தார். சில்லு சரியாகப் பூட்டப்படவில்லை என்று தெரிந்தும் காரை விடுவித்தார்கள், சாரதியை எச்சரிக்கவில்லை என்று கூறி நடுவர்கள் ரெனோ அணியை அடுத்த பந்தயத்திலிருந்து தடைசெய்தார்கள்.

அடுத்த பந்தயம் வலென்சியாவில். அலொன்சோவின் தாய்நாடு ஸ்பெயின். அவருக்காகவே நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள் ஏராளம். ரெனோ மேன்முறையீடு செய்தது. ஓகஸ்ட் நடுப்பகுதியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தடையை நீக்கி, கண்டனமும் 50,000 டொலர் தண்டப்பணமுமாகக் குறைத்தது. அலொன்சோ வலென்சியாவில் ஓடினார். முதல் தீர்ப்பு மிகைதான் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். சீட்டு விற்பனைதான் தீர்ப்பை மாற்றியது என்று சந்தேகித்தவர்களும் இருந்தார்கள்.

அதே ஹங்கேரியில் மறு ஆண்டு நிக்கோ ரொஸ்பேர்க்கின் மெர்சிடிஸ் காரிலிருந்து கழன்ற சில்லு ஒழுங்கை நெடுகத் துள்ளிச் சென்று வில்லியம்ஸ் அணி மெக்கானிக் ஒருவரைத் தாக்கியது. முந்தைய ஆண்டு எவருக்கும் காயமில்லாத சம்பவத்துக்குப் பந்தயத் தடை விதிக்கப்பட்டிருந்தது. இந்த முறை மனிதர் ஒருவர் அடிபட்டும் 50,000 டொலருடன் விடயம் முடிந்தது.

சாரதிக்கு ஏன் தண்டனை?

2013 ஜூலை 7ஆம் திகதி ஜேர்மனியின் நூர்பேர்க்ரிங்கில் மார்க் வெபரின் ரெட் புல் காரிலிருந்து கழன்ற சில்லு தொலைக்காட்சிப் படப்பிடிப்பாளர் ஒருவரைப் பின்புறமாகத் தாக்கியது. அவரது காறை எலும்பும் விலா எலும்புகளும் முறிந்தன. ரெட் புல்லுக்கு 30,000 யூரோ தண்டப்பணம்.

இம்முறை விதிகள் விரைவாக மாறின. பந்தயத்தின்போது ஊடகவியலாளர்கள் பிட் ஒழுங்கைக்குள் நிற்பது தடுக்கப்பட்டது. அணிகளின் ஆட்கள் தலைக்கவசம் அணிவது கட்டாயமானது. அதுவரை பல பாதைகளில் 100 கிலோ மீற்றராக இருந்த வேக எல்லை 80 ஆனது. தண்டனையும் கூடியது. 2014 மார்ச்சில் மலேசியாவில் டானியல் ரிக்கார்டோவின் ரெட் புல் கார் முன்சில்லு சரியாகப் பூட்டப்படாமல் புறப்பட்டது. அவர் ஒழுங்கையிலேயே நிறுத்தினார். மெக்கானிக்குகள் காரைத் தள்ளிக்கொண்டு திரும்பிவந்தார்கள். பந்தயம் அங்கேயே நாசமாகியது. அதன் மேல் 10 செக்கன் நின்று செல்லும் தண்டனை. அதற்கும் மேல் அடுத்த பஹ்ரைன் பந்தயத்தில் தொடக்க வரிசையில் 10 இடங்கள் பின்தள்ளல். மூன்றாமிடத்தில் தகுதிபெற்றும் 13ஆம் இடத்திலிருந்து தொடங்கிய அவர் நான்காமிடத்தில் முடித்தார்.

நட்டைப் பூட்டியவர் ரிக்கார்டோ அல்ல. விளக்கைப் பார்த்துக் காரை எடுப்பதே அவரது வேலை. ஒரு தவறுக்கு மூன்று தண்டனை, அதுவும் தவறு செய்யாதவருக்கு என்று சாரதிகள் தரப்பு வாதிட்டது. மறுதரப்பு வாதம் இது: பணத்தால் அணி திருந்தாது, புள்ளிகளை இழந்தால்தான் திருந்தும். பிந்திய ஆண்டுகளில் அந்தக் கடுமை தொடரவில்லை. நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர் பஹ்ரைனில் கால் முறிந்தபோது தண்டப்பணத்துடன் முடிந்தது அதனால்தான். கார் அங்கேயே நிறுத்தப்பட்டுப் பந்தயத்திலிருந்து விலகியதால் ரைக்கோனனுக்கு அன்று வேறு இழப்பும் இல்லை.

2021இல் எப்.ஐ.ஏ. வேறு வழியில் அணுகியது. கருவிகள் தானாகவே முடிவெடுத்து விளக்கைப் பச்சையாக்குவதைத் தடுக்க, மனிதர் எதிர்வினையாற்றும் குறைந்தபட்ச நேரத்தை விதித்தது. நட்டு இறுகியது உறுதியானபின் ஜக்கை இறக்கும் சமிக்ஞைக்கு 0.15 செக்கன். ஜக் இறங்கியபின் பச்சை விளக்குக்கு 0.2 செக்கன். அவ்வளவுதான் வித்தியாசம். அதற்கே எதிர்ப்பு எழுந்தது. மிக வேகமாகச் சில்லு மாற்றும் ரெட் புல் அணியைக் குறிவைத்த விதி என்றும் பேசப்பட்டது. அந்தப் பருவத்தின் பெல்ஜியப் பந்தயத்திலிருந்து அது நடைமுறைக்கு வந்தது.

சொற்களில் தொங்கும் தீர்ப்புகள்

சில சர்ச்சைகள் ஆபத்தைப் பற்றியவை அல்ல, சொற்களின் பொருளைப் பற்றியவை.

1998 ஜூலையில் சில்வர்ஸ்டனில் ஷூமாக்கருக்கு 10 செக்கன் தண்டனை விதிக்கப்பட்டது. பாதுகாப்புக் காரின் பின்னால் ஓடும்போது இன்னொருவரை முந்தியதே குற்றம். தண்டனை அறிவித்தல் அணிக்குத் தாமதமாகவே போய்ச் சேர்ந்தது. எந்த வகைத் தண்டனை என்பதும் அதில் தெளிவில்லை. பெராரி கடைசிச் சுற்றில் அவரைத் தரிப்பிடத்துக்கு அழைத்தது. முடிவுக்கோடு பிட் ஒழுங்கையின் குறுக்காகவும் செல்கிறது. பெராரியின் தரிப்பிடம் அந்தக் கோட்டுக்கு அப்பால் இருந்தது. தண்டனைக்காக உள்ளே வந்தவர், தண்டனையை அனுபவிக்கும் முன்னரே கோட்டைக் கடந்து வெற்றியாளரானார். மெக்லாரனின் எதிர்ப்பு நிராகரிக்கப்பட்டது. அந்தத் தண்டனையே செல்லாது என்று முடிவானது. நடுவர்கள் மூவரும் தமது உரிமங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

2022இல் மொனாக்கோவில், வெர்ஸ்டப்பனும் செர்ஜியோ பெரஸும் பிட் வெளிவாயிலின் மஞ்சள் கோட்டை மீறினார்கள் என்று பெராரி முறையிட்டது. சில்லு கோட்டில் பட்டது உண்மை. ஆனால் கோட்டைத் தொடுவது வேறு, கோட்டைக் கடப்பது வேறு என்று நடுவர்கள் கூறினார்கள். முறையீடு தள்ளுபடியானது.

2023 மார்ச்சில் சவூதி அரேபியாவின் ஜெத்தாவில் அலொன்சோ மூன்றாமிடம் பெற்று மேடையேறினார். தொடக்கத்தில் தவறான இடத்தில் காரை நிறுத்தியதற்காக அவருக்கு ஏற்கெனவே 5 செக்கன் தண்டனை இருந்தது. அதை நிறைவேற்றும்போது பின்புற ஜக் காரைத் தொட்டுவிட்டது. மேடை நிகழ்வு முடிந்தபின் மேலும் 10 செக்கன் தண்டனை வந்தது. மூன்றாமிடம் ஜோர்ஜ் ரசலுக்குப் போனது. அஸ்டன் மார்ட்டின் அணி மறுபரிசீலனை கேட்டது. இதேபோல் ஜக் தொட்டும் தண்டிக்கப்படாத ஏழு சந்தர்ப்பங்களைக் காட்சிகளுடன் முன்வைத்தது. ‘வேலை செய்தல்’ என்பதில் தொடுவதும் அடங்குமா என்பதில் அணிகளிடையே இணக்கம் இருக்கவில்லை என்று நடுவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அன்றிரவே மூன்றாமிடம் அலொன்சோவுக்குத் திரும்பியது. அது அவரது நூறாவது மேடை. அடுத்த பந்தயத்துக்கு முன்னர், கையாலோ கருவியாலோ ஜக்காலோ தொட்டாலும் அது வேலைதான் என்று எப்.ஐ.ஏ. தெளிவுபடுத்தியது.

அணிகளுக்கு வளங்கள் உண்டு. சட்ட அறிவுள்ளவர்கள், பழைய காட்சிகளைத் தேடி எடுப்பவர்கள், இரவோடிரவாக முறையீடு எழுதுபவர்கள் எல்லோரும் அவர்களிடம் இருக்கிறார்கள். ஒரு புள்ளிக்காகவோ ஓர் இடத்துக்காகவோ இந்த இயந்திரம் முழுவதும் இயங்கும். காயப்பட்ட மெக்கானிக்குக்கு அந்த நடுவர் அறையில் தனியான ஓர் இருக்கை கிடையாது. அவருக்காகப் பேசவேண்டிய அணியே, பல வேளைகளில், குற்றம் சாட்டப்பட்ட தரப்பாகவும் இருக்கிறது.

விதி செய்பவர்களே மீறினால்?

2023 ஏப்ரல் 30ஆம் திகதி அசர்பைஜானின் பாகு நகரில் இந்தக் கேள்வியும் எழுந்தது. பந்தயத்தில் ஒருமுறையாவது சில்லு மாற்றவேண்டும் என்பது விதி. அல்பின் அணியின் எஸ்தபன் ஒக்கோன் அதைக் கடைசிச் சுற்றுவரை தள்ளிவைத்திருந்தார். அவர் பிட் ஒழுங்கைக்குள் திரும்பியபோது எதிரே ஆட்கள் நின்றார்கள். பந்தயம் முடியப்போகிறது என்று எண்ணி, புகைப்படப்பிடிப்பாளர்களும் அதிகாரிகளும் வெற்றியாளர்களை வரவேற்க ஒழுங்கைக்குள் இறங்கியிருந்தார்கள். அவர்களை உள்ளே விட்டது நிர்வாகம். அவர்கள் சிதறி ஓடினார்கள். ஒக்கோன் வேகத்தைக் குறைத்துத் தப்பினார். எவருக்கும் எதுவும் ஆகவில்லை.

நடுவர்கள் எப்.ஐ.ஏ. அதிகாரிகளையே விசாரணைக்கு அழைத்தார்கள். பாரதூரமான விடயம் என்று பதிவுசெய்தார்கள். அடுத்த பந்தயத்துக்கு முன்னர் நடைமுறைகளை மீளாய்வு செய்யுமாறு பணித்தார்கள். இதே தவறை ஓர் அணி செய்திருந்தால் அது மீளாய்வுடன் முடிந்திருக்குமா என்று கேட்டவர்கள் பலர்.

தீராத மூன்று கேள்விகள்

இன்றைய நிலையில் பிட் ஒழுங்கை 1981ஐ விடவும் 1994ஐ விடவும் மிகப் பாதுகாப்பானது. வேக எல்லை, தலைக்கவசம், தீப்பிடிக்காத ஆடை, எரிபொருள் நிரப்பத் தடை, ஆட்கள் எண்ணிக்கைக் கட்டுப்பாடு ஆகியவை பலரது உயிரைக் காத்திருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை யாரோ ஒருவர் அடிபட்ட பின்னரே எழுதப்பட்டவை.

மூன்று கேள்விகள் மட்டும் இன்னும் தீரவில்லை. அணியின் தவறுக்குச் சாரதியின் இடத்தைப் பறிப்பது நியாயமா? ஆபத்தான செயலுக்கு, எவரும் காயப்படாவிட்டாலும், காயப்பட்டதைப் போன்றே தண்டனை வேண்டுமா? தண்டப்பணத்தை நிர்வாகம் வாங்கிக்கொள்ளும்போது காயப்பட்டவரின் பங்கு என்ன?

அடுத்த முறை தொலைக்காட்சியில் ஒரு கார் தரிப்பிடத்தில் நிற்கும்போது, திரையின் மூலையில் ஓடும் செக்கன் கணக்கை மட்டும் பார்க்கவேண்டாம். காரின் பின்சில்லின் அருகே முழங்காலிட்டிருப்பவரையும் பாருங்கள். விளக்கு பச்சைக்கு மாறும்போது கையைத் தூக்கி ‘முடிந்தது’ என்று காட்டுபவர் அவர்தான். இந்த விதிகளெல்லாம் முதலில் காக்கவேண்டியது அவரை.